தாருக்கு அடியில்

இலங்கையில் பழைய கார்கள் நீண்ட ஆயுள் பெற்றமைக்குப் பாசம் மட்டும் காரணமன்று. புதியது வாங்க இயலாமையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பாட்டனார் காலத்துக் காருக்கும் மதிப்பு ஏறியது.

ராகலையில் ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பரிடம் 1960களில் வந்த மொரிஸ் மைனர் ஒன்று உண்டு. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊர் அது. காரின் தரைவிரிப்பு முற்றாகக் காய்ந்த நாள் அரிது. சாரதி இருக்கையின் கீழ்த் தகட்டைக் கறள் தின்றுவிட்டது. (தமிழகத்து வாசகர்கள் துரு என்பார்கள்.) தோட்டத்து இளைஞர் ஒருவர் அக்காரை விலைக்குக் கேட்டிருந்தார். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பது அவர் திட்டம். "தாரைப் பூசிக் கொடுத்துவிடுங்கள் மாஸ்டர், ஒருவருக்கும் தெரியாது" என்று அயலவர் யோசனை கூறினர். எதைப் பூசுவது நல்லது என்று நண்பர் என்னிடம் கேட்டார். விசாரித்து அறிவது பத்திரிகைக்காரனின் பழக்கம். கராஜ்காரர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இக்காருக்கு முழுநீளச் சேசிஸ் கிடையாது. உடலும் தரைத்தகடும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை பொருந்தியிருப்பதும் தரைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தில்தான். ஆகவே இங்கே விழும் ஓட்டை வெறும் ஓட்டையன்று, எலும்பு முறிவு. எலும்பு முறிவுக்குக் களிம்பு பூசி என்ன பயன்?

தார் வெளியிலிருந்து வரும் நீரைச் சில காலம் தடுக்கும். காலப்போக்கில் இறுகி வெடிக்கும். அந்த வெடிப்பினூடே புகும் நீர் வெளியேற வழியின்றித் தகட்டோடு தங்கும். மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு. குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கன் பசையும் உதவாது. புளிக்காடி மணம் வீசும் வகை காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிட்டு இரும்பைத் தாக்கும். அதன்மேல் பெயின்ற்றும் ஒட்டாது.

தகட்டு இணைப்புகளுக்கென்றே வரும் பொலியூரிதேன் சீலன்ட் நல்லது. காற்றின் ஈரத்தால் இறுகினாலும் ரப்பரைப்போல் நெகிழும். மேலே பெயின்ற் அடிக்கலாம். ஆனால் அதற்குரிய இடம் வரிசையில் பின்னால்தான். முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். முன்கண்ணாடி ரப்பரும் கதவு ரப்பரும் பெரும்பாலும் குற்றவாளிகள். பின்பு கறள் பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்து, எப்பொக்சி பிரைமர் பூசவேண்டும். அதன்பின் இணைப்புகளில் சீலன்ட், மேலே பெயின்ற், உள்வெளிகளில் மெழுகு. நீர் வடியும் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கலாகாது.

தகட்டுக்கும் பஞ்சமில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், இலங்கையிலேயே இக்காரின் உதிரிப்பாகங்களைச் செய்விக்க முன்வந்தவர்.

நண்பர் தகட்டை வெட்டச் சொன்னார். பிரைமர் பூசுமுன் அந்த இளைஞரை அழைத்து, காரின் அடியில் குனிந்து பார்க்கவும் செய்தார். செலவு அதிகந்தான். எனினும் வலப்பனைப் பக்கம் இறங்கும் வளைவுகளில், பயணிகளை ஏற்றிக்கொண்டு பிரேக் மிதிக்கப்போகிறவர் அவரல்லவா? அவர் காலுக்குக் கீழே இருப்பது இரும்பா, தாரா என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு.