"உது சோதினைக்கு வருமோ, சேர்?"



கீரிமலையில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு மூன்று பேர் இந்தக் கிழமை ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிள்ளை கொப்பி முழுக்க 142857 எண்டு எழுதி வைச்சிருக்கு. உது சோதினைக்கு வருமோ, சேர்?" நேராக வராது. ஏன் செய்விக்கிறேன் என்பதை எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஒரு பனங்கட்டியை ஏழு பேருக்குப் பங்கிடப் பாருங்கள். 1ஐ 7ஆல் வகுத்தால் 0.142857142857... என்று முடிவில்லாமல் போகும். அந்த ஆறு இலக்கங்களை ஓர் எண்ணாக எடுத்து 2ஆல் பெருக்கினால் 285714. 3ஆல் பெருக்கினால் 428571. 6 வரைக்கும் இதே கதைதான். இலக்கங்களும் மாறாது, வரிசையும் மாறாது, தொடங்கும் இடம் மட்டும் மாறும். 7ஆல் பெருக்கினால் 999999.

பிள்ளைகள் மந்திரம் என்றார்கள். மந்திரம் இல்லை, மீதிதான் காரணம். நெடும் வகுத்தலைக் கையால் செய்தால் 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறு மீதிகளும் ஒவ்வொரு முறை வந்து, திரும்ப 1க்கு வரும். 3ஐ 7ஆல் வகுப்பதென்றால் அதே வட்டத்தில் மீதி 3 நிற்கிற இடத்தில் ஏறுகிறோம், அவ்வளவுதான்.

இந்த எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று வெட்டிக் கூட்டினால் திரும்பவும் 142857. இப்படிப்பட்டவற்றைக் கப்ரேக்கர் எண்கள் என்பார்கள். 45உம் அப்படித்தான்: வர்க்கம் 2025, 20உம் 25உம் 45. கப்ரேக்கர் நாசிக்குக்குக் கிட்ட தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பட்டமேற்படிப்பு இல்லை. பெரிய கணிதக்காரர் பலர் அவருடைய வேலையை விளையாட்டென்று ஒதுக்கினார்கள். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் இவரைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இவரில் ஒரு தனி மரியாதை.

இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். மகிழ்ச்சி தருவது என்று பொருள். 142857இன் கூட்டுத்தொகை 27, வகுத்தால் சரியாக 5291. (வாகன நம்பரைக் கூட்டி அதிர்ஷ்டம் பார்க்கிறவர்கள், கூட்டினதோடு நிற்காமல் ஒருக்கா வகுத்தும் பாருங்கள்.)

இனி விசயத்துக்கு வருகிறேன். தரம் 8இல் ஒரு பிள்ளை, கணக்குப் பாடம் என்றால் பின்வாங்கில் தலை குனிந்தபடியே இருக்கும். வகுத்தல் என்றால் பயம். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் எத்தனை வாசல் அடைபடும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை போன வியாழன் எழும்பிக் கேட்டது: "சேர், 13ஆல வகுத்தா?" செய்து பார் என்றேன். 076923 வந்தது. 2ஆல் பெருக்கினால் 153846. அது வேறு இலக்கங்கள்! 3ஆல் பெருக்கினால் 230769, திரும்பப் பழைய வட்டம். "சேர், இதுக்கு ரெண்டு சில்லு" என்று அதுவே கண்டுபிடித்துச் சொன்னது. நான் வாய் திறக்கவே இல்லை.

பிறகு 17. பதினாறு இலக்கம்: 0588235294117647. வகுப்பிலிருந்த கல்குலேட்டரில் அவ்வளவுக்கு இடமில்லை, கையால்தான் செய்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நெடும் வகுத்தல், யாரும் கட்டாயப்படுத்தாமல்.

இப்போது 19 வீட்டுக்கு வந்திருக்கும். பதினெட்டு இலக்கம் வரவேண்டும். போனில் தேடி விடையைக் காட்டிவிடாதீர்கள், பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு தாளில் வகுத்துப் பாருங்கள்.