உறையை எறியாதீர்கள்

ஜேர்மனிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, அந்த அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கினமோ?" என்றுதான். இருந்தும் பயனில்லை, தம்பி. ஊரில் ஒரு கையெழுத்துக்கு ஆளைப் பிடித்தே பழகிவிட்டோம். இங்கே கண் வைக்க வேண்டியது திகதியில்.

குடிபோன இரண்டு கிழமைக்குள் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிசெய்து ஒப்பமிட்ட தாள் தனியாக வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்துவிடக்கூடும். ஆகக் கூடிய வரி அதுதான். கூடுதலாகப் பிடித்தது பிறகு திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த மாத வாடகைக்கு எங்கே போவது?

பதிந்தும் கடிதம் வரவில்லையா? வாசலில் தபால்பெட்டியைப் பாருங்கள். முன்பு இருந்தவரின் பெயர் அப்படியே ஒட்டியிருக்கும். அடுக்குமாடி வீடுகளில் தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் பெயரை ஒட்டுங்கள். நம் பெயர்களின் நீளத்துக்கு அந்தச் சின்னத் தாள் போதாது என்பது வேறு கதை.

சில கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் உறையின்மேல் திகதி எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் ஊரில் கோயில் திருவிழாவில் நின்றாலும், அன்றே கடிதம் சேர்ந்ததாகத்தான் கணக்கு. ஒரு முடிவை எதிர்க்க, அந்தத் திகதியிலிருந்து பெரும்பாலும் ஒரு மாதம். சிலவற்றுக்கு இரண்டே கிழமை. கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு உறையைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

வதிவிட அனுமதியும் அப்படியே. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாள் கிடைக்க மாதக்கணக்காகலாம். அனுமதி முடியுமுன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும், வேலையும் செய்யலாம். அதற்கான அத்தாட்சித் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிந்தினால் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது.

1980களில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர், தனக்குக் குறித்த எல்லையைத் தாண்டிக் கலியாண வீட்டுக்குப் போகவும் அனுமதித் தாள் வேண்டியிருந்தது. அந்தத் தாள் எங்களைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் எவரையும் தெரியாத எங்களுக்குத் துணை நின்றதும் தாள்தான். அலுவலகம் மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று கடிதத்தின் கடைசியில் எழுத வேண்டும். சிபாரிசு இல்லாதவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

ஆகவே, கடைசிப் பந்தியை முதலில் வாசியுங்கள். விளங்காவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிரிக்காத கடிதம் மேசையில் கிடந்தால் இன்றைக்கே பிரியுங்கள்.