நாற்பதாம் கோடு

வாப்பாவுக்கு நாற்பது வயதாகுமுன்பே சீனி வருத்தம் வந்துவிட்டது. எனக்கு நாற்பதானபோது நிறை 96 கிலோ. அந்தப் பயத்தில்தான் 2023இல் வெகோவி ஊசியைத் தொடங்கினேன். நான் வசிக்கும் நியூ ஜேர்சியில் அது பேனா வடிவில் கிடைத்தது. ஒரு பேனாவுக்குள் ஒரு வாரத்துக்குரிய அளவு மட்டுமே இருக்கும். வயிற்றில் வைத்து அழுத்தினால் சரி. கணக்குப் பார்க்கும் வேலை நமக்கில்லை.

2024 தொடக்கத்தில் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிட்டது. பட்டியல் விலையோ மாதம் 1,349 டொலர். அப்போது இந்த மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. அதனால், மருந்தைத் தாமே கலந்து கொடுக்கும் மருந்தகங்கள் இதையும் கலந்து விற்க இடமிருந்தது. அப்படிக் கலப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்து அங்கீகரிப்பதில்லை. தெரிந்துதான் மாறினேன். மாதம் 250 டொலர்தான் எனக்கு இயலுமாக இருந்தது.

வந்தவை ஒரு சிறு குப்பியும் இன்சுலின் சிரிஞ்சுகளும். ஒரு மில்லிலீற்றரில் 2.5 மில்லிகிராம் மருந்து. எனக்குரியது 1 மில்லிகிராம். சிரிஞ்சில் நாற்பதாம் கோடுவரை இழுக்க வேண்டும். மூன்றாம் மாதக் குப்பியும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. வழமைபோல நாற்பதுக்கு இழுத்துக் குத்திக்கொண்டேன். அன்றிரவு தொடங்கிய வாந்தி மூன்று நாள் நிற்கவில்லை. உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும் மருந்து அது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து உம்மா தொலைபேசியில் கேட்டா:

"குப்பியில என்ன எழுதியிருக்கு மகள்?"

எடுத்து வாசித்தேன். ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம். இருபதாம் கோட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். கூட வந்த தாளிலும் இருபது என்றே இருந்தது. நான் பார்க்கவில்லை. மாற்றியவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவ. இருபத்தைந்து வருடமாக வாப்பாவுக்கு இன்சுலின் போடுபவ அவதான். ஒவ்வொரு தடவையும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்த பிறகே சிரிஞ்சைத் தொடுவா. பள்ளிக்கூடம் போன காலத்தில் அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

இப்படி அளவு பிசகி, 5 முதல் 20 மடங்குவரை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டென்று அந்த நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. எனக்கு இரண்டு மடங்கோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

2025 பெப்ரவரியில் தட்டுப்பாடு தீர்ந்ததாக அறிவித்தார்கள். பேனாவின் விலையும் இறங்கியது; அதற்கே திரும்பிவிட்டேன். இப்போது இழுக்கவும் அளக்கவும் எதுவுமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் உம்மா கேட்கத் தவறுவதில்லை:

"வாசிச்சியா மகள்?"

"வாசிச்சேன் உம்மா."

வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.