தொடுமுன் கேட்டவர்

எங்கள் சேந்தமங்கலத்தில் மூட்டு வலி என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். கேட்பவரின் கை கிழக்கே கொல்லிமலையைக் காட்டும். முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கி, மேல்தோலைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் குடிக்கச் சொல்வார்கள். அச்சாறு நாவுக்கு இனியதே. அதனைக் குறை கூற நான் வரவில்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று அறியாமலேயே 16 நாட்கள் என் தாயாருக்கு அதனைக் கொடுத்தவன் என்னும் முறையில் இதனை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டில் அம்மாவுக்கு வயது 78. ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வலது முழங்கால் வலிக்கிறது என்றார்கள். முதுமைத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டினேன். முழங்காலுக்கு மட்டும் படம் எடுத்தோம். அதிலும் வயதுக்குரிய தேய்மானமே தெரிந்தது. மாத்திரை வாங்கினேன். இரவில் தைலம் தேய்த்தேன். அதனினும் பெரிய பிழை ஒன்றையும் செய்தேன். படுத்துவிட்டால் கால் முடங்கிவிடும் என்று அஞ்சி, காலையும் மாலையும் கைத்தடியைக் கொடுத்து முற்றத்தில் நடக்க வைத்தேன். அவர்கள் முகம் சுளித்தபோதெல்லாம் ஸப்ரைப் பற்றி உபதேசம் வேறு! மாணவர்க்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவல்லவா?

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவதோடு, இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருவதும் ஓர் அங்கம். அவ்வாறு எங்கள் தெருவுக்கு வந்த ஓர் இளம்பெண்ணை, அம்மாவுக்குச் சில பயிற்சிகள் சொல்லித் தருமாறு அழைத்தேன். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும்.

வந்தவர் உடனே காலைப் பிடிக்கவில்லை. வலி எப்போது தொடங்கியது, இரவில் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்று ஒவ்வொன்றாக வினவினார். அத்தனைக்கும் நானே விடை சொன்னேன். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, கொஞ்ச நேரம் வெளியே இருக்கிறீர்களா? பாட்டியிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்” என்றார். திண்ணைக்குப் போனேன். மனம் சற்றுச் சுருங்கியது உண்மை. கதவு ஒருக்களித்திருந்தது.

“கண்ணு, அவன்கிட்டச் சொல்லிராதே. தஹஜ்ஜுத்துக்கு உளூ செய்யப் போனப்பத் தொட்டிக்கிட்ட வழுக்கி உட்கார்ந்துட்டேன். தெரிஞ்சா ராத்திரியிலே எந்திரிக்கவே விடமாட்டான்.”

என் காதில் விழுந்துவிட்டது. 16 நாட்களாக ஒரே கூரையின்கீழ் இருந்தும், “விழுந்தீர்களா அம்மா?” என்று நான் ஒரு முறையேனும் கேட்டேனில்லை.

பிறகு என்னை உள்ளே அழைத்தார். அம்மாவைப் படுக்க வைத்து முழங்காலை மட்டும் சோதித்தார், அவ்வளவாக வலிக்கவில்லை. அடுத்து, காலை நீட்டியவாறே வைத்து, முழுக் காலையும் மெல்ல உள்ளும் வெளியுமாக உருட்டினார். “யா அல்லாஹ்!” என்று அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். அசைந்தது இடுப்பு மூட்டு, வலித்தது முழங்கால்! இவ்விரண்டுக்கும் பொதுவான நரம்பு உண்டு; ஆகவே இடுப்பில் பட்ட அடியை உடல் முழங்கால் வலியாக அறிவிப்பதுண்டு என்று அவர் விளக்கினார். எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்குச் சிறு வீழ்ச்சியிலும் தொடையெலும்பின் கழுத்து முறியலாமாம். முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகி நின்றுவிட்டால் சில நாட்கள் நடக்கவும் முடியுமாம்.

“முறிவென்று நான் சொல்லவில்லை ஐயா. இல்லையென்று சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் பயிற்சி வேண்டாம். இந்தக் காலை ஊன்ற விடாதீர்கள், தைலமும் வேண்டாம். இடுப்புக்குப் படம் எடுத்து எலும்பு மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள்” என்று சீட்டும் எழுதித் தந்தார். பயிற்சி கற்பிக்க வந்தவரின் முதற் கட்டளை, நான் நடத்திவந்த பயிற்சியை நிறுத்துவதாக இருந்தது.

அன்று மாலை எடுத்த படத்தில் முறிவு தெரிந்தது. எலும்பு விலகியிருக்கவில்லை. மூன்று திருகாணிகளால் பொருத்தினார்கள். இன்னும் சில நாள் நடக்க விட்டு எலும்பு விலகியிருந்தால், மூட்டையே மாற்ற நேர்ந்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் ‘ஜப்ர்’ என்னும் சொல்லுக்கு ‘முறிந்ததைப் பொருத்துதல்’ என்று பொருள் எழுதியவன் நான். 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மியின் கணிதத்துக்குப் பெயரானதும் இச்சொல்லே. முறிந்த உறுப்பில் வைத்துக் கட்டும் பத்தைக்கு ‘ஜபீரா’ என்று பெயர்; அதன்மீது மஸஹ் செய்யும் சட்டத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தம் ‘தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பாகத்தில் அறுவை மருத்துவத்தை எழுதி, அதில் ஒரு பகுதி முழுவதையும் எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் ஒதுக்கினார் என்பதையும் அறிவேன். இத்தனையும் அறிந்து என்ன பயன்? பொருத்துமுன் எங்கே முறிந்தது என்று வினவ வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அறுவைக்குப் பின்னும் அப்பெண் வந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் அளவைதான். மூட்டில் கோணமானியை வைத்து எத்தனை பாகை மடங்குகிறது என்று குறிப்பார். தசையின் வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். 0 என்றால் துடிப்பே இல்லை. 3 என்றால் உறுப்பைத் தன் எடைக்கு எதிராகத் தூக்க முடியும். கை வைத்துத் தடுத்தால் தாங்காது. 5 என்பது முழு வலிமை. அம்மாவின் இடுப்புப் பக்கத் தசைக்கு முதலில் 2 கிடைத்தது. ஆசிரியனாகிய எனக்கு இம்முறை மிகவும் பிடித்துப்போயிற்று. 3 வந்த நாளில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

“எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் பாட்டி?” என்று ஒரு நாள் கேட்டார். “தரையிலே ஸுஜூது” என்றார்கள் அம்மா. அதையும் ஏட்டில் எழுதிக்கொண்டார். ஆகும் என்றும் கூறவில்லை, ஆகாது என்றும் கூறவில்லை. எலும்பு ஒட்டியது படத்தில் தெரிந்து, மருத்துவரும் இசைந்தால் பார்ப்போம் என்றார். அம்மா இன்னும் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்கள். இயலாதவர்க்கு மார்க்கம் தந்த சலுகை அது என்று நான் தொடங்கினால், “அது எனக்குத் தெரியும்” என்று முடித்துவிடுகிறார்கள்.

கைத்தடியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். வலிக்கும் காலின் பக்கமே தடி இருக்க வேண்டும் என்றெண்ணி அதை நான் வலக்கையில் கொடுத்திருந்தேன். எதிர்க் கையில் பிடித்தால்தான் நோயுற்ற இடுப்பின் சுமை குறையும் என்று அப்பெண் திருத்தினார். சென்ற பெருநாளன்று பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் தடியூன்றி வந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு, “உனக்கு வலி எந்தக் கால்லே?” என்று கேட்டு, தடியை மறு கைக்கு மாற்ற வைத்தார்கள் அம்மா.