பாகற்காய் ஜூஸும் குப்பைக்குப் போற சக்கையும்

காலையில வெறும் வயித்துல பாகற்காய் ஜூஸ் குடிக்கிறவங்களுக்காக இந்தத் த்ரெட். மதுரையில எங்க ஓபிக்கு வர்ற சுகர்காரங்கள்ல இப்படிக் குடிக்கிறவங்க நிறைய. எல்லாரும் செய்றது ஒண்ணுதான்: விதையை எடுத்துட்டு, மிக்ஸியில அடிச்சு, வடிகட்டி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு. சக்கை குப்பைக்கு. ஒரு அம்மா மட்டும், "மாட்டுக்கு வைப்பேன் டாக்டரு, அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கிருது"ன்னாங்க.

மாடு வேண்டாங்குற அந்தச் சக்கையிலதாங்க நார்ச்சத்தே இருக்கு. 100 கிராம் பாகற்காய்ல சுமார் 17 கலோரி, 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா நார். வடிகட்டினா அதுல பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிடும். காலிக் அமிலம், கேட்டச்சின் மாதிரி ஆன்டிஆக்ஸிடன்ட்களும் கொஞ்சம் நாரோட ஒட்டிக்கிட்டு நின்னுடும். ஆனா டெஸ்ட் ட்யூப்ல ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்றது வேற, நம்ம உடம்புல செய்றது வேற. சக்கையைக் காயவச்சுப் பொடியாக்கி டப்பாவுல விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அதனால ஜூஸை விட்டுட்டு காயாவே சாப்பிடுங்க. பொரியல், புளிக்குழம்பு, மிதிபாகல் வறுவல், எதுவானாலும் சரி. மேல இருக்கிற முள்ளுத்தோலையும் சீவித் தள்ளாதீங்க. (நம்ம மதுரை வேளாண் கல்லூரியே 'எம்.டி.யூ 1'னு நீளப் பாகல் ரகம் கொடுத்த ஊரு இது!) ஜூஸ்தான் வேணும்னா, சக்கையை அடை மாவுலயோ துவையல்லயோ சேர்த்துடுங்க.

விதை விஷயத்துல மட்டும் கவனம். அதுல வைசின்னு ஒரு பொருள் இருக்கு. ஜி6பிடி குறைபாடு இருக்கிறவங்களுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. விதைப்பொடியும் ஜூஸும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். "ஜூஸ் குடிக்கிறேன்ல"ன்னு மாத்திரையை நிறுத்திட்டு, சில மாசம் கழிச்சு ஆறாத கால் புண்ணோட வர்றவங்களைப் பார்க்கிறோம். தாய்லாந்துல பாகற்காய்ப் பொடியை மெட்பார்மினோட ஒப்பிட்டு 2011-ல வெளிவந்த ஆய்வுல, தினம் 2 கிராம் பொடி கொஞ்சம் வேலை செஞ்சுது. ஆனா 1 கிராம் மெட்பார்மின் அளவுக்கு இல்லை. 2012-ல காக்ரேன் குழு 4 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, சுகருக்கு மருந்துன்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னுட்டாங்க.

இன்னொரு பக்கம், கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கிட்டே டம்ளர் டம்ளரா ஜூஸ் குடிச்சா சுகர் திடீர்னு இறங்கலாம். வேர்த்து, கை நடுங்கி, தலை சுத்தினா உடனே சர்க்கரைத் தண்ணி குடிங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மாத்திரை வாங்க வர முடியலையா? மக்களைத் தேடி மருத்துவத்துல 2021-ல இருந்து வீட்டுக்கே வந்து தர்றாங்க. உங்க ஏரியா சுகாதாரப் பணியாளர்கிட்ட பேரைக் கொடுங்க. ஜூஸ் குடிக்கிறதையும் மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டோம்.