தோலில் ஒரு கொடி

என் அத்தா மர்ஹூம் அவர்கள் 2009இல் வஃபாத்தானபோது, அவர்களுடைய தகரப் பெட்டியில் மூன்று பொருள்களே இருந்தன. நாள்தோறும் ஓதி வந்த குர்ஆன் பிரதி ஒன்று, அட்டை கழன்ற நிலையில். மூக்குக் கண்ணாடி ஒன்று. பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைத்த தோல் துண்டு ஒன்று. திண்டுக்கல் பக்கம் ‘தோல் ஷாப்பு’ என்று சொல்கிறோமே, அத்தகைய தொழிற்கூடம் ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்தவர்கள் அவர்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் தாமே ஊறப்போட்டுப் பதனிட்ட தோல் அது என்று அம்மா சொன்னார்கள்.

அந்தத் தோலைக் கொண்டு அந்தக் குர்ஆன் பிரதிக்கு ஓர் உறை செய்ய வேண்டும், அதன் முகப்பில் பூங்கொடி ஒன்றைச் செதுக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக என் மனத்தில் இருந்தது. கடந்த ரமலான் விடுமுறையில்தான் துணிவு வந்தது. கலைக் கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்குக் கத்தி பிடித்துப் பழக்கமில்லை. “அசரத்து செருப்புத் தைக்கப் போகிறாராம்” என்று உறவினர் சிலர் நகைத்தனர். ஊரில் பாதி வீடுகள் தோலால் எழும்பியவை என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். பதனிட்ட தோல் தூய்மையானது என்று ஃபிக்ஹுப் பாடத்தில் ஆண்டுதோறும் சொல்லித் தருபவன் நான். அதைத் தொட மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

“ஒரே துண்டுதான் இருக்கிறது. கெடுத்துவிடாதீர்கள்” என்றார் என் மனைவி. ஆகவே முதலில் கடையில் வாங்கிய தோலில் பழகினேன். அங்கேயே முதல் அடி விழுந்தது. கோடு கீறி, அச்சு உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன், பள்ளம் விழுந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பள்ளம் பாதி எழும்பிவிட்டிருந்தது! அத்தாவுடன் பணியாற்றிய பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கத்தரித்த ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே நீலம் பாய்ந்திருந்தது.

“தம்பி, இது குரோம் தோலு. எவ்வளவு தட்டினாலும் இதுல அச்சு நிக்காது. பட்டையில போட்ட தோலு வாங்குங்க” என்றார். கடைக்காரர் அதைப் பட்டைத் தோல் என்றே சொல்லி விற்றிருந்தார்.

சரியான தோல் கிடைத்தது. இனி மாதிரிப் படம் வேண்டும். என் மகன் இணையத்தில் தேடி, அமெரிக்கச் சேணங்களில் செதுக்கப்படும் பூ மாதிரி ஒன்றை அச்செடுத்துத் தந்தான். வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊரின் டான் கிங் (1923–2007) என்னும் சேணக் கலைஞரால் புகழ்பெற்ற பாணி அது. வட்டமான பூக்களும் அவற்றைச் சுற்றிச் சுழன்றோடும் தண்டுகளுமாக நெருக்கமான அழகு. குதிரைச் சேணத்துப் பூவை வேத நூலின் உறைக்கு வைப்பதா என்று முதலில் தயங்கினேன். ஆனால் இத்தோல் வேலை மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. மெக்ஸிகோவுக்கு அதைக் கொண்டு சென்றவர்கள் ஸ்பெயின் நாட்டவர். ஸ்பெயினில் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர் நம் வரலாற்று நூல்கள் பெருமையோடு பேசும் குர்துபா. செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் ‘கார்ட்வெய்னர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லே அவ்வூரின் பெயரிலிருந்து பிறந்ததுதான். தயக்கம் தீர்ந்தது.

தீராதது வேறொன்று. சேணத்துக்கென வரைந்த படத்தை உறையின் அளவுக்குச் சுருக்கினேன். தாளில் அழகாகவே இருந்தது. தோலிலோ பூ செத்துப்போயிற்று. என்னிடமிருந்த மிகச் சிறிய உளியின் முகம் இரண்டு மில்லிமீட்டர் அகலம். சுருக்கிய படத்தில் இதழுக்கும் இதழுக்கும் இடையே அவ்வளவு இடமே இல்லை. ஓர் இதழின் ஓரத்தைத் தாழ்த்தப் போனால் அடுத்த இதழும் சேர்ந்து நசுங்கியது. மாதிரிப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் கையிலுள்ள உளியின் அகலத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. மூன்று துண்டுகள் வீணான பிறகு!

நான்காம் துண்டும் வீணாயிற்று, வேறொரு காரணத்தால். ஈரத் தோலின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துவிட்டு அஸர் தொழப் போனேன். திரும்பி வந்தபோது மை பூசியதுபோல் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கறுப்பு பிறக்கும்; பழைய காலத்து மை தயாரிப்பும் இதே வழிதான். எலுமிச்சைச் சாறு தடவியதில் கறுப்பு ஓரளவு வெளுத்தது, முழுவதும் போகவில்லை.

பின்னொரு நாள் அத்தாவின் குர்ஆன் பிரதியைத் திறந்து வைத்திருந்தேன். சூரத்துல் ஃபாத்திஹா அச்சிடப்பட்ட முதல் பக்கத்தைச் சுற்றிக் கொடிக்கரை ஒன்று ஓடியது. எத்தனையோ முறை பார்த்த பக்கம். கரையை மட்டும் பார்த்ததில்லை. ஒரே தண்டு அலைபோல் ஏறி இறங்கிச் செல்கிறது. அதிலிருந்து பிரியும் இலை எதுவும் குறுக்கே முளைக்கவில்லை. ஆற்றில் வாய்க்கால் பிரிவதுபோல், தண்டு செல்லும் திசையிலேயே சற்றுத் தூரம் உடன் சென்று, பிறகுதான் விலகுகிறது. ஷெரிடன் பூவிலும் இதே ஒழுங்குதான் இருந்தது. நான் இதுவரை பூவை முதலில் வரைந்து, தண்டை அதற்குப் பிறகு ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் என் கொடிகள் ஒடித்து வைத்த குச்சிகளைப்போல் நின்றன.

அந்தப் பக்கத்தின் மேல் தாள் வைத்து அழுத்த மனம் வரவில்லை. கைப்பேசியில் படமெடுத்து, மூன்று மடங்கு பெரிதாக்கி அச்செடுத்தேன். முதலில் தண்டை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்தேன். பூக்கள் அமர வேண்டிய இடங்களில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமிட்டேன். இலைகளில் பாதியை விட்டுவிட்டேன். இப்போது உளிக்கு இடம் இருந்தது.

ஷவ்வால் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆவுக்குப் பிறகு, அத்தாவின் தோலை எடுத்தேன். எண்ணெய் ஏற்றிய தோல். ஈரப் பஞ்சால் துடைத்தும் நீர் மெதுவாகவே உள்ளே இறங்கியது. நிறம் மீண்டும் வெளுத்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் எஞ்சியிருக்கும் பதம் வரும்வரை காத்திருந்தேன். மை தீர்ந்த பேனா முனையால் படத்தைப் பதித்தேன். கத்தியை வைத்தபோது கை நடுங்கியதை மறைப்பதற்கில்லை. தோலின் கனத்தில் பாதிக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. பள்ளமும் மேடும் பிறகு உளியால் வருபவை. கீழ் மூலையில் இலை ஒன்றின் வளைவில் கத்தி வழுக்கி, கோட்டைத் தாண்டி அரை விரற்கடை ஓடிவிட்டது. கீறிய தோல் கூடாது. சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்து, அந்தக் கீறலை வளைத்து ஒரு சுருள் பற்றாக மாற்றினேன். கூர்ந்து பார்ப்பவருக்கு அந்த மூலை மட்டும் சற்றுக் கனமாகத் தெரியும்.

உறை தைத்து முடிந்ததும் பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூவின் பக்கத்தைத் திருப்பி, உட்புறத்தைக் கட்டை விரலால் வருடினார். ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும்; அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போடுவார்கள்.

“கடுக்கா நல்லா ஏறியிருக்கு தம்பி. உங்க அத்தா கைதான்” என்றார்.

பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.