நொடி

2023 கோடை விடுமுறையில் டெக்சஸில் வசிக்கும் அண்ணன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். வேலையை இழந்திருந்த அவர், வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாமென்று பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியிருந்தார். தானியங்கி கியர் வண்டி.

முதல்நாள் காலை நானும் உடன் ஏறினேன். இன்ஜினைக் கிளப்பி, கியர்க்கோலை 'டி'க்குக் கொண்டுவந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இமைப்பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக்கியவர் தொல்காப்பியர். வகுப்பில் ஆண்டுதோறும் விரலை நொடித்துக் காட்டிப் பழகியவன் நான், வேறெப்படி எண்ணுவேன்? ஐந்தாவது நொடிப்பில், யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் வண்டி அதிர்ந்து நகர்ந்தது.

"காலையில மட்டும்தான் இப்படி" என்றார் அண்ணன்.

வாங்கப்போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததாம். விற்றவர் அப்போதுதான் கடைக்குப் போய் வந்ததாகச் சொன்னாராம்.

நான்காம் நாள் அண்ணன் பொறுமையிழந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். உறுமிக்கொண்டிருந்த இன்ஜினை கியர் திடீரெனப் பற்ற, வண்டி பாய்ந்து எதிரிலிருந்த குப்பைத்தொட்டியை உருட்டித் தள்ளியது. அண்ணி அதை வைத்துவிட்டு இரண்டடிதான் விலகியிருந்தார். அன்று காலை யாரும் சாப்பிடவில்லை.

மெக்கானிக், இன்ஜின் ஓடும்போதே அளவுகோலை உருவி வெள்ளைத்தாளில் துடைத்தார். சிவந்திருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாடை வேறு. அளவும் குறைவு. இவ்வகைக் கியர் எண்ணெயின் அழுத்தத்தால்தான் பற்றுகிறது என்று பொறுமையாக விளக்கினார். இரவெல்லாம் நின்றால் எண்ணெய் வடிந்து அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். பம்பு அதை மறுபடி ஏற்றி நிரப்பும்வரை தாமதம். உள்ளே ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தால் அழுத்தம் கசியும், சூடேறி அவை இளகும்வரை. பிரித்துப் பழுதுபார்க்க அவர் சொன்ன தொகை, வண்டி விலையில் பாதிக்குமேல். நொடித்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

இப்போதைக்கு எண்ணெயையும் வடிகட்டியையும் மட்டும் மாற்றிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. "இன்னைக்கு ரெண்டுதான்டா!" என்றார். "பிரேக்குல காலை வச்சுக்கிட்டே எண்ணினேன்."

அண்ணி வண்டிக்கு முன்னால் போவதேயில்லையாம்.